பஞ்சு திரும்பி வராத ஏழாம் புத்தகம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை தானாக வந்ததல்ல, மெட்ராஸிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை கேட்டு வந்தது. சின்ன வயதில் படித்த புத்தகத்தைப் பற்றி நாலு பக்கம், சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டும் என்றார்கள். அஜீஸாவின் இரண்டு கதைகளை அவர்கள் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் யாரோ ஒருத்தி குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிடுவாள், வீடே சிரிக்கும். அதனால் அவளுக்கு நகைச்சுவை வரும் என்று மெட்ராஸில் ஒரு நம்பிக்கை.

இதை எழுதுகிறவளும் அஜீஸாதான். 'நான்' என்று தொடங்கிச் சில தாள்களைக் கிழித்த பிறகு 'அவள்' என்று மாற்றிக்கொண்டாள். 'நான்' என்று எழுதினால் சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது. சாட்சி சொல்கிற வேலை அவளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை தனியாக இருக்கிறது. ஜும்மா முடிந்ததும் ஜமாஅத்துப் பெரியவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். காணாமல் போன புருசன் இனி வர மாட்டார் என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இதோ, குதிரைக்கு வந்துவிடுகிறாள்.

முதல் தொடக்கம்: 'விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்கள் பல திசைக்கும் பிரிகின்றன, அதுபோலவே வாழ்க்கையும்—'

(அடித்தாயிற்று. ரயிலைப் பார்த்ததும் வாழ்க்கை ஞாபகத்துக்கு வருகிறவர்கள் கட்டுரை எழுதக் கூடாது.)

இரண்டாம் தொடக்கம்: 'டெய்சிக்குப் பத்து வயதானபோது ஒரு மட்டக்குதிரை கிடைத்தது. எனக்குப் பத்து வயதானபோது ஸ்கூலு நின்றது.'

(நின்றது பன்னிரண்டில். சிரிப்புக்காகக் குறைத்தாள். சிரிப்பும் வரவில்லை.)

2

அஜீஸாவின் அத்தா அலாவுதீனுக்குக் கடைத்தெருவில் மளிகைக்கடை. பொட்டலம் மடிக்கப் பழைய காகிதத்தை எடைக்கு வாங்குவார். 1962இல் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் எடைக்குப் போட்ட மூட்டையில் அந்த ஆறு புத்தகங்களும் இருந்தன. 'டெய்சியும் பஞ்சுவும்', ஒன்று முதல் ஆறு வரை.

சீமையில் யாரோ எழுதியதை மெட்ராஸில் யாரோ தமிழில் பெயர்த்திருந்தார். பாதியில் களைத்துப்போகிற மனிதர். வெள்ளை மட்டக்குதிரைக்குப் பஞ்சு என்று பேர் வைத்தவர், அதை வளர்க்கிற பெண்ணை டெய்சி என்றே விட்டுவிட்டார். டெய்சியின் அப்பா பண்ணையார். பனி கொட்டினால் எல்லாரும் வரிசையாக நின்று 'ஐயோ, குளிர்!' என்று கத்துவார்கள். கத்திரி வெயிலில் மளிகை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதைப் படித்த இரண்டு பெண்களுக்கு அது பெரிய சுகமாக இருந்தது.

இரண்டாவது பெண் திரௌபதி. பின்தெருவில் சட்டிபானை செய்கிற வீட்டுப் பெண். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அஜீஸாவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி.

இந்த 1977இல், கட்டுரைக்காக ஆறையும் திரும்பப் படித்தபோது அஜீஸா தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சு ஆப்பிளையும் சர்க்கரையையும் தவிர எதையும் தின்பதில்லை. ஆறு புத்தகத்திலும் ஒரு தரம்கூட லத்தி போடவில்லை. ஜட்கா ஸ்டாண்டு பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு இதன் அதிசயம் புரியும். ஒவ்வொரு புத்தகத்திலும் பஞ்சு தொலையும், ஒவ்வொரு புத்தகத்திலும் திரும்பி வரும். முதலில் விற்றுவிடுவார்கள், வரும். பிறகு திருடிப் போவார்கள், வரும். பனியில் தொலையும், வரும். நாலாவதில் பாழுங்கிணற்றில் விழும்.* ஐந்தாவதில் செத்தே போகும், டெய்சி பதினோரு பக்கம் அழுவாள், கடைசியில் பார்த்தால் செத்தது வேறு குதிரை. ஆறாவதில் பஞ்சு மூடுபனிக்குள் போகிறது. 'பஞ்சு திரும்புமா? ஏழாம் புத்தகத்தில் காண்க.'

ஏழாம் புத்தகம் வரவே இல்லை. அத்தா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தேடிப் பார்த்தார். அந்தப் பதிப்பகத்தையே மூடிவிட்டார்களாம்.

(* நாலாவதின் கடைசிப் பக்கங்கள் மிளகாய்ப் பொட்டலமாகப் போய்விட்டன. பஞ்சு எப்படிக் கிணறு ஏறியது என்று அந்த மிளகாயை வாங்கிப் போனவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

3

மெட்ராஸ்காரர்கள் வேறெதையும் போடாவிட்டாலும் இந்தப் பகுதியைப் போடலாம். வருஷம் 1970.

ஊருக்குப் பீங்கான் தொழில் வந்து, பட்டறை வேலைக்குப் போகிற பெண்களின் தலைமுடியில் வெள்ளைத் தூசி படிய ஆரம்பித்திருந்த காலம். திரௌபதி, தேவநாதன் என்பவருடைய பொம்மைப் பட்டறையில் சேர்ந்திருந்தாள். வாத்து, பிள்ளையார், உண்டியல் பூனை எல்லாம் அச்சில் வார்த்து, ஓரம் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை. ஒருநாள் முதலாளியிடம் போய், ஒரு குதிரை செய்யட்டுமா என்று கேட்டாள். அவள் மனசில் இருந்தது பஞ்சு. மூன்றாம் புத்தகத்து அட்டையில் இருக்கிறபடி ஒல்லிக் கால்கள், அதிலும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

ஒல்லிக் கால் சூளைச் சூட்டில் தொய்ந்துபோகும். அதனால் வயிற்றுக்கடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டும் அதே பச்சை மண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேகும்போது பொம்மை சுருங்கும், கூடவே முட்டும் சுருங்கும். மண்பாண்டம் செய்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் பஞ்சு விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், உறுதியாக இருக்கட்டும் என்று, ஏற்கெனவே சுட்ட துண்டுகளை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டாள். சுட்டது மறுபடி சுருங்காது. குதிரைகள் மட்டும் சுருங்கின. சூளையிலிருந்து வெளியே வந்தபோது அத்தனை பஞ்சுவும் முட்டின்மேல் வயிறு ஒட்டிப்போய், ஒரு கால்கூடத் தரையில் படாமல் இருந்தன.

"என்னா புள்ள இது? குதிரை செய்யறேன்னு சொல்லிட்டு, முட்டை மேல கோழியை ஒக்கார வெச்சிருக்க?" என்றார் தேவநாதன்.

திரௌபதி அழுதுகொண்டு நின்றாள். அப்போது வாத்து வாங்க வந்திருந்தார் பேன்சி சாமான் விற்கிற பரக்கத்துல்லா. அஜீஸாவுக்கும் அவருக்கும் அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது.

"ஏங்க, இதை ஒடைச்சிப் போடாதீங்க. எல்லாத்தையும் எனக்குக் குடுங்க" என்றார்.

மாசி மகத் திருவிழாவில் சாக்கை விரித்து அத்தனையையும் பரப்பினார். "பறக்குற குதிரைங்க! காலு தரையில படாதுங்க! வூட்டுல வெச்சா கஷ்டமெல்லாம் பறந்து போயிடுங்க!" சாயங்காலத்துக்குள் சாக்கு காலியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர், கல்யாணம் முடிந்த அன்றைக்கு அஜீஸாவின் உள்ளங்கையில் வைத்தார். "இதை விக்க மனசு வரல" என்றார். அந்த இடத்தில் அவள் அவரிடம் மனசைக் கொடுத்துவிட்டாள். அதை மறைத்து என்ன பிரயோஜனம்.

(இங்கே ஒரு சந்தேகம். பரக்கத்துல்லாவைக் கொஞ்சம் கெட்டவராக எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை சுலபமாக இருக்கும். முயன்று பார்த்தாள். 'அவருக்குக் கோபம் வந்தால்—' கோபம் வந்தால் கடையில் போய் உட்கார்ந்து கண்ணாடி வளையலைத் துடைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒரு கெட்டவரைக்கூடச் செய்ய முடியவில்லை.)

4

'அன்றைக்கு அவர் பஸ்ஸில் ஏறும்போது—'

'1973இல் மங்கலம்பேட்டையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஆட்களோடு—'

'போயிட்டு வரேன் என்றுதான் சொன்னார், போறேன் என்று—'

(இந்தப் பகுதியை நீக்கியாயிற்று. தெரிய வேண்டியது இவ்வளவுதான்: பம்பாயில் அவர் துபாய் போகிற லாஞ்சுப் படகில் ஏறியதை மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். இறங்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை.)

5

கலீல் ரஹ்மான் அஜீஸாவின் அண்ணன். நல்லவர். அத்தா போன பிறகு கடையையும் தங்கையையும் சேர்த்துத் தாங்குகிறவர். அவருக்கே இரண்டு பெண்கள் வளர்ந்து நிற்கிறார்கள். தங்கையின் மறுகல்யாணப் பேச்சை எடுக்கவே நாலு வருஷம் பொறுத்தார்.

"மார்க்கத்துலயும் நாலு வருசந்தாம்மா சொல்லியிருக்குது. நீயும் காத்துட்ட. வேப்பூரு ரோட்டுல ஓட்டலு வெச்சிருக்காரே, அவரு வூட்டுலருந்து கேக்கறாங்க. நல்ல மனுசன். நீ கதை எழுதறதைக்கூட வேணாம்னு சொல்லல."

"நான் என்னாண்ணே சொல்லணும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. பெரியவங்க கேப்பாங்க. பரக்கத்துல்லா இனி வர மாட்டாருன்னு ஒன் வாயால சொல்லிடு. அப்புறம் நாலு மாசம் பத்து நாளு துக்கம் காத்து இத்தா இருந்துட்டின்னா, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"பதில் சொல்லாம சும்மா இருந்தா?"

"சும்மா இருந்தா செல்லாதும்மா."

இதைக் கேட்டு அஜீஸாவுக்குச் சிரிப்பு வந்தது. பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும். நிக்காஹ் அன்றைக்குச் சம்மதமா என்று கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை. பெண் பேசாமல் இருப்பதே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரோடு சேர்வதற்குப் பேச வேண்டியிருக்கவில்லை. அவரை விடுவதற்கு மட்டும் பேச வேண்டுமாம்.

பேசாவிட்டால் இப்படியேதான். புருசனோடு இருக்கிறவளும் இல்லை, விதவையும் இல்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டு, கதவு தட்டும் சத்தம் கேட்டால் முறத்தைக் கீழே வைத்துக்கொண்டு. இருபத்தைந்து வயதில் அவள் மிகவும் களைத்துப்போயிருக்கிறாள்.

6

கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டும். ஏழாம் புத்தகத்தைத் தானே எழுதி முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைக்கு அது ஒரு ஒத்திகையாகவும் இருக்கும்.

முடிவு (அ): மூடுபனி விலகுகிறது. பஞ்சு வருகிறது. டெய்சி கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

முடிவு (ஆ): பஞ்சு வரவில்லை. டெய்சி பெரியவளாகிறாள். ஓட்டல் வைத்திருக்கிற ஒரு நல்ல மனிதரை—

முடிவு (இ): வேறொரு வெள்ளைக் குதிரை வருகிறது. டெய்சி அதைப் பஞ்சு என்றே கூப்பிடப் பழகிக்கொள்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து நேரே வந்த திரௌபதி இதையெல்லாம் படித்தாள். குதிரை வருகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, நான் அழுதுக்கினு நின்னதை மெட்ராஸ் வரைக்கும் சொல்லணுமா?"

"நீ நின்னதானே?"

"நின்னேன். அதுக்குன்னு இப்பிடியா?" தாளைத் திருப்பினாள். "சரி, இந்த (ஆ)வை ஏன் பாதியில வுட்டுட்ட?"

அஜீஸா உண்மையைச் சொன்னாள். (ஆ)வை எத்தனை தரம் எழுதினாலும் பேனா கேட்கவில்லை. 'பஞ்சு வரவில்லை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், அடுத்த வரி தானாக 'அப்போது தூரத்தில் குளம்புச் சத்தம்' என்று ஓடுகிறது. அந்த ஆறு புத்தகங்களை எழுதிய பாவியை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். தொலைந்ததெல்லாம் வந்துவிடும் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

"எழுத வேணாம். சொல்லிப் பழகு" என்றாள் திரௌபதி. "நான் பெரியவரு மாதிரி கேக்கறேன், நீ சொல்லு." முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இல்லாத தாடியைத் தடவி, குரலைத் தாழ்த்தினாள். "அம்மாடி அஜீஸா, ஒன் புருசன் பரக்கத்துல்லா திரும்பி வருவாருன்னு நெனைக்கிறியா? யோசிச்சிச் சொல்லும்மா."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் திரௌபதி மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை தாடியைத் தடவவில்லை. அஜீஸா வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். கேட்டவள்தான் முதலில் அழுதாள்.

"வேணாம் வுடு புள்ள" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நானா இருந்தாலும் எனக்கும் வராது."

7

வெள்ளிக்கிழமை காலையிலேயே இந்தப் பகுதியை எழுதி வைத்துவிடுகிறாள். மத்தியானம் எழுத முடியுமோ என்னவோ.

கூடத்தில் பாய் விரிப்பார்கள். அண்ணன் எல்லாருக்கும் டீ கொடுப்பார். அஜீஸா திரைக்கு இந்தப் பக்கம் நிற்பாள். வயதில் மூத்தவர் அந்தப் பக்கத்திலிருந்து, தன்மையாகத்தான், அந்தக் கேள்வியைக் கேட்பார். பிறகு எல்லாரும் அவள் பேசுவதற்காகக் காத்திருப்பார்கள்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. சொன்னாள் என்று எழுதினால் அவரைக் கடலில் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. சொல்லவில்லை என்று எழுதினால் தன்னையே தள்ளிக்கொண்ட மாதிரி இருக்கிறது. மெட்ராஸ்காரர்கள் ஆறாம் பகுதியோடு வெட்டிக்கொள்ளட்டும், அவர்கள் கேட்ட சிரிப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

படிக்கிறவர்களிடம் மட்டும் ஒரு உதவி. அவள் சொல்ல வேண்டியதை அடுத்த வரியில் எழுதியிருக்கிறாள். உங்களில் யாராவது அதை அவளுக்காக வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

அவர் வர மாட்டார்.

மனசுக்குள் படித்தால் செல்லாது. மனசுக்குள் அவளும் நாலு வருஷமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.