மணவறையில் ஆயில் பார்த்தோம்

எங்கள் குடியிருப்பில் காருக்கு ஆயில் ஊற்றுவதென்றால் இலை போட்டுத்தான் ஊற்றுவோம். பானட்டைத் திறந்து, தலைவாழை இலை விரித்து, தண்ணீர் தெளித்து, கரண்டியால் பரிமாறவேண்டும். ஓய்வு பெற்ற இந்தப் பதினோரு வருடங்களில் நான் நாலாயிரம் லிட்டர் பரிமாறியிருக்கிறேன். குறைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று என் மைத்துனன் ஆறுச்சாமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது அறுபத்தொன்று. நாற்பது வருடமாகப் பெண் பார்த்தோம். நாங்கள் போகாத ஊர் இரண்டுதான், இரண்டும் கடலுக்குள் இருக்கின்றன.

என் மனைவி தெய்வாத்தாள் அவனுக்கு அக்கா. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. அவள் காலை ஆறு மணிக்கே பட்டுச்சேலையோடு முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

"ஏனுங், ஆயில் பாத்தீங்களா?"

"பாக்கறேன் புள்ள."

"அளவு சரின்னு என் காதுல விழுகாம நான் இந்தச் சீட்ட விட்டு எறங்க மாட்டேன். மணவறையே வந்தாலுஞ் செரி."

அவள் கோபம் நியாயமானது. போன முறை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியபோது ஆயில் வற்றி வண்டி வழியில் நின்றுவிட்டது. நாங்கள் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தம்பதியின் பேரனுக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். துடைத்தேன். செருகினேன். மறுபடி உருவினேன். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு கரண்டி பரிமாறினேன்.

"போதுங்க" என்றது கார்.

பக்கத்து வீட்டு மருதாசலம் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "போதும்னா என்னங்க அர்த்தம்? இன்னொரு கரண்டின்னு அர்த்தம். விருந்தாளி வாயத் தொறந்து கேப்பாங்களா?"

அவர் சொன்னது முறைதான். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

"போதுமுங்க. நெசமாத்தான்."

"நெசமாத்தான்னா ரெண்டு கரண்டிங்க" என்றார் மருதாசலம்.

ஊற்றினேன். கம்பியைப் பார்த்தேன். ஆயில் இன்னும் கீழ்க்கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. கம்பி சொல்வதும் கார் சொல்வதும் ஒத்துவரவில்லை. ஆயில் கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி. நான் அளவு அலுவலகத்துக்குப் போனேன்.

அளவு அலுவலகம் எங்கள் தாழ்வாரத்தின் கடைசிக் கதவு. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. நடுவில் ஒரு டீக்கடையும் ரயில்வே கேட்டும் வந்தன. கேட் மூடியிருந்ததால் ஒரு டீ குடித்தேன்.

எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை. "வண்டி எங்க நிக்குது?"

"வாசல்லீங்க."

"வாசல் எதுமேல இருக்குது?"

"ஊருமேலீங்க."

"ஊரே சாஞ்சு கெடக்குது. சாஞ்ச எடத்துல ஆயில் பாத்தா சரியான அளவு எப்படிங்க தெரியும்? படிச்சவருதானே நீங்க?"

"சமமான எடம் எங்கீங்க இருக்குது?"

அவர் ஒரு பேரேட்டைப் புரட்டினார். "இந்தத் தாலுக்காவுக்கே சமதளம் ஒண்ணுதான். பன்னெண்டடிக்குப் பன்னெண்டடி. இன்னைக்கு ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருக்குது. மணவறைக்கு அடியில போட்டிருக்காங்க."

பேரேட்டில் மண்டபத்தின் பெயரைப் பார்த்தேன். ஆறுச்சாமிக்குக் கல்யாணம் நடக்கும் அதே மண்டபம்.

காரை எடுத்தேன். வழியில் கார் இரண்டு முறை ஏப்பம் விட்டது. தெய்வாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. முப்பத்தாறு வருடங்களில் அவள் பார்க்காமல் இருந்த பார்வைகளில் அதுதான் பெரியது.

மண்டபத்துப் படிகளில் கார் ஏறியது. மேளக்காரர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் காருக்கு வழிவிட்டு, "வாங்க, வாங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கேட்டார். மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினேன். கார் முதல்முறையாக நேராக நின்றது.

"அக்கா, எறங்கு. நேரமாகுது" என்றான் ஆறுச்சாமி.

"உங்க மாமா அளவு சொல்லட்டும்."

நான் கம்பியில் கைவைத்தேன். மணப்பெண் குணவதி டீச்சர் மாலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கணக்கு எடுத்தவர்.

"கைய எடுங்கண்ணா. இப்பத்தான் இஞ்சின நிறுத்துனீங்க. மேல இருக்கற ஆயில் கீழ எறங்க வேண்டாமா? அஞ்சு நிமிசம் எல்லாரும் உக்காருங்க."

முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம்தான் இருந்தது. எண்ணூறு பேர் உட்கார்ந்தார்கள். மேளம் நின்றது. சமையல்கட்டில் அப்பளம் பொரிவது நின்றது. ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குவது மட்டும் கேட்டது. ஆறுச்சாமியின் வியர்வை அதைவிட வேகமாக இறங்கியது.

டீச்சர் கம்பியை உருவினார். துடைத்தார். செருகினார். உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல்கோட்டுல நிக்குது. இன்னொரு சொட்டு ஊத்தியிருந்தா இந்தக் கல்யாணம் இல்லை."

"நெசமாவா?" என்றாள் தெய்வாத்தாள்.

"நெசந்தானுங்க" என்றது கார்.

அவள் கதவைத் திறந்து வலது காலை வைத்து இறங்கினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். இணைச்சீர் நாற்பது விநாடியில் முடிந்தது. தாலி ஏறியது. எண்ணூறு பேரும் அட்சதை போட்டார்கள். கார் தன்மேல் விழுந்த அரிசியை வைப்பரால் இரண்டு பக்கமும் சமமாக ஒதுக்கிக்கொண்டது.