எண்ணூற்றெட்டின் கதவு

பல்செட்டுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. சம்பந்தி வாயால் "சரியா இருக்கு" என்று ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும்.

சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், விமானப்படையில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நொட்டை சொல்வதிலிருந்து இன்னும் பெறவில்லை. முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்றே மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "மூணாவது இறக்கை ரெண்டு மில்லி தாழ்ந்திருக்கு, சம்பந்தி" என்றார். அளந்து பார்த்தால், இரண்டேதான்.

அதனால்தான் அவர் வேலை பார்த்த அதே குண்டுவீச்சு விமானத்தை, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் செய்ய இறங்கினார் பல்செட்டுக்காரர். கடையில் வாங்கிய மாதிரி விமானப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பாகங்களில் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் வாய்க்குள் நாற்பது வருஷம் பிசகாமல் வேலை பார்த்த கை அல்லவா? விமானியின் இருக்கையைப் பல்செட் அக்ரிலிக்கில் வார்த்தார். மாத்திரை அட்டையின் தகட்டை நறுக்கி இடுப்புப் பட்டை. செம்புக் கம்பியில் ஏணி. விமானி எதிரே இருக்கும் கடுகளவு மானிகளுக்கு முள் வைக்கத் தன் இமைமுடியையே பிடுங்கினார். பன்னிரண்டு மானிகள் முடிந்தபோது இடது இமை மொட்டை.

ஒருநாள் ஓர் ஈ வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தது. கிளம்பும் முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது என்கிறார். கூட இருந்த மனைவி இதை மறுக்கவில்லை.

வம்பு, ஆள் ஏறும் கதவில் வந்தது. பெட்டிக்காரன் அதை விமானத்தின் இடப்பக்கம் வைத்திருந்தான். சம்பந்தி வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படத்தை மகள் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் கதவு வலப்பக்கம். ஏணியில் சம்பந்தியே நிற்கிறார், விமானத்தின் மூக்கில் 808 என்ற எண். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இடப்பக்கத்தைப் பட்டி வைத்து அடைத்து, வலப்பக்கம் அறுத்துப் புதுக் கதவு செய்தார். மூன்று மாத வேலை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி பார்க்க வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மனைவி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அண்ணன் வலது கைலயா வாட்ச் கட்டுவாரு? சட்டைப் பாக்கெட்டும் வலப்பக்கமில்ல இருக்கு?"

படம் கழுவியவன் பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறான்; இடமும் வலமும் மாறிவிட்டன. 808 எப்படித் திருப்பினாலும் 808தான்.

பல்செட்டுக்காரர் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். இரண்டே நாளில் வலப்பக்கத்தை அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, இடப்பக்கத்தை மறுபடி அறுத்து, பெயின்ட் அடித்து முடித்தார்.

ஞாயிறு வந்த சம்பந்தி விமானத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"கதவு தப்பு, சம்பந்தி. வலப்பக்கம் வரணும். முப்பது வருஷமா தினம் அந்தப் படத்தைப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

பல்செட்டுக்காரரின் கை மறுபடி பட்டி டப்பாவைத் தேடிப் போனது. மனைவிதான் முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, இதான் ஏணி. அப்ப ஏறி விமானிகிட்ட போவீங்களே, அதே மாதிரி போய்க் காட்டுங்க."

"இதென்ன விளையாட்டு, தங்கச்சி?" என்று முனகிக்கொண்டே சம்பந்தி முக்காலியில் ஏறினார். தலையைக் குனிந்தார். சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

வலப்பக்கக் கதவாக இருந்தால் விமானி வலக்கைப் பக்கம் அல்லவா இருப்பார்!

"கால் சொல்றதுதான் சரி" என்று மெதுவாக இறங்கினார். "படம் என்னை ஏமாத்திடுச்சு."

"குனிஞ்சீங்களே, அது எதுக்குண்ணே?"

"மேல்விளிம்பு இடிக்கும், தங்கச்சி. முதல் வருஷம் முழுக்க இடிச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டுப் பல்செட்டுக்காரரிடம் லென்ஸை வாங்கிக் கதவைப் பார்த்தார். "ஆங், இங்க தப்பு இருக்கு. மேல பெயின்ட் புதுசா இருக்கே. என் மண்டை பட்டே உரிஞ்ச இடம் இது."

பல்செட்டுக்காரர் ஊசி முனையால் ஒரு புள்ளி சுரண்டினார்.

"இன்னும் கொஞ்சம். என் மண்டை பெரிசு."

இன்னொரு புள்ளி. சம்பந்தி நெடுநேரம் லென்ஸ் வழியே பார்த்தார்.

"சரியா இருக்கு."

பல்செட்டுக்காரர் வாசல்வரை கூடவே போனார். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்த சம்பந்தி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இடது இமைமுடியைக் காணோமே, சம்பந்தி. அது சரியில்ல."