கடைமடைக்காரி

"கையெழுத்துப் போடுங்க அண்ணி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கொழுந்தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தான். காகிதம் அவளுடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் கையில் பிசைந்த சோறு. எழுந்து போய்க் கை கழுவவும் முடியவில்லை, வாயில் வைக்கவும் முடியவில்லை. அடுப்பங்கரை வாசலில் மாமியார் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மகன் முகத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'எனது காலஞ்சென்ற கணவரின் முறைத்தண்ணீரை அவரது தம்பியின் பெயருக்கு மாற்றித் தருவதில் எனக்கு முழுச் சம்மதம்' என்று காகிதம் சொன்னது. சம்மதத்தை யாரும் அவளிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை.

"நிலம் உங்க பேருலயேதான் இருக்கும். நிலத்தை யாரு கேட்டா? தண்ணி முறையை மட்டும்தான் மாத்துறோம்" என்றான் அவன்.

"தண்ணி இல்லாத நிலத்தை வச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்றது? மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கவா?"

"உங்க வயலுக்கும் சேர்த்து நான்தானே பாய்ச்சப் போறேன்!"

"போன முறை பாய்ச்சினீங்களே, பார்த்தேன். மண்ணு நனையறதுக்குள்ள மடையை அடைச்சுட்டீங்க."

அவன் பேனாவை மூடினான். "அண்ணன் இருந்த வரைக்கும் உங்களுக்கு இவ்வளவு வாய் இருந்ததில்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். காகிதத்தை எடுத்துப் போகவில்லை.

அவளுடைய புருஷன் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஊரில் எல்லாரையும் விட ஒரு சாண் உயரம் என்பதால் அவனுக்கு நெட்டையன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாற்று விட்ட மறுநாள் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லை. மிஞ்சியது ஒன்றரை ஏக்கர், இரண்டு ஆடு, ஒரு மாமியார். காரியம் முடிந்த நாலாம் நாள் அவள் வயலில் இறங்கினாள். நாற்று யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் அழுதுகொண்டேதான் நட்டாள்.

அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் வெறும் முள்காடு. ஆறு பக்கத்திலேயே ஓடியும் பயனில்லை. மழைக்கு நாலு நாள் கரை புரண்டு ஓடி வீணாய்ப் போகும், மற்ற நாளெல்லாம் மணல். பிழைக்க வழியில்லாமல் பாதிப் பேர் ஊரை விட்டே போனார்கள். பிறகு மலைக்கு நடுவில் அணை எழும்பியது. ஆறு நின்றது. பெரிய கால்வாய், கிளைக் கால்வாய், ஊர் வாய்க்கால் என்று தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்து, நாற்பது ஊர்களில் இரண்டு போகம் நெல் விளைந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதிலிருந்து அங்கே நிலத்தின் விலை மண்ணில் இல்லை, தண்ணீரில்தான் இருந்தது. ஒன்பது நாளைக்கு ஒருமுறை, ஏக்கருக்கு இரண்டு மணி நேரம். பாசன சங்கத்து நோட்டில் பெயர் இருந்தால் விவசாயி, பெயர் இல்லாவிட்டால் ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

நோட்டில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்பன் செத்தால் மகன் பெயர், மகன் இல்லாவிட்டால் தம்பி பெயர். பெண் கை மதகின் இரும்பில் பட்டால் வாய்க்கால் வற்றிவிடும் என்பார்கள். ஆதி காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று சங்கத் தலைவர் அழுத்தமாகச் சொல்வார். அணைக்கே நாற்பத்திரண்டு வயதுதான் ஆகியிருந்தது. அவருக்கு அறுபது.

அடுத்த முறை வந்த அன்று அவள் காலை எட்டு மணிக்கே மண்வெட்டியோடு மதகடிக்குப் போனாள். ஆட்கள் கூடியிருந்தார்கள். வாய்க்கால்காரர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக அழைத்தார். யார் வந்தார் என்று குறித்துக்கொள்வது அவர் வேலை, மதகுச் சக்கரத்தைத் திருப்புவது முறைக்காரரின் வேலை.

"நெட்டையன்."

"நான் வந்திருக்கேன் அண்ணே" என்றாள் அவள்.

வாய்க்கால்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அவளைப் பார்க்காமலே பேசினார். "ஆளில்லாத முறை. அடுத்த பேரைப் படி."

"ஆள் நான் நிக்கிறேனே!"

"ஆம்பள ஆள் யாரும்மா? உன் கொழுந்தனுக்கு எழுதிக் குடுத்துடுன்னு எத்தனை நாளா சொல்றோம்? உன் பிடிவாதத்துக்கு ஊர் என்ன பண்ணும்?"

கொழுந்தன் கொஞ்சம் தள்ளி நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவளுக்கு வர வேண்டிய தண்ணீர், அவளுடைய வயலுக்கு மேலே இருந்த அவன் வயலில் கணுக்கால் அளவுக்கு நின்றது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. வரப்பின் இந்தப் பக்கம் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கதிர் வெளியே வருகிற பருவம். தாய் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சோறு போடாமல் வைப்பது போல்தான் அது.

ஆறு நாள் பொறுத்தாள். மேல் பாதி வயல் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஒரு மத்தியானம் மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வயலுக்கு வந்தாள். ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தாள். உள்ளே பால் இல்லை, வெறும் உமி. அதை உள்ளங்கையில் பரப்பி மருமகளிடம் காட்டினாள்.

"என் வீட்டுக்காரர் போனப்ப எனக்கு முப்பது வயசு" என்றாள் திடீரென்று. "முறையை அவரு தம்பி எடுத்துக்கிட்டாரு. உன் புருஷனுக்குப் பதினெட்டு முடியற வரைக்கும், பதிமூணு வருஷம், இதே வரப்புல ஊரார் வயலுக்கு அறுப்பு அறுத்தேன். என் வயலு பக்கத்துலயே காஞ்சு கெடந்துச்சு."

"நீங்க கேக்கலையா அத்தை?"

"கேக்கலாம்னே எனக்குத் தெரியாதும்மா." மாமியார் உமியை ஊதிவிட்டாள். "நீ எங்க போய்க் கேக்கணுமோ கேளு. ஆட்டை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை அவள் பஸ் ஏறினாள். வழி நெடுக கால்வாய் பக்கத்திலேயே வந்தது. தன் ஊருக்கு வருகிற தண்ணீர் இவ்வளவு அகலமாகவா கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைமடையில் பார்ப்பது அதன் சுண்டுவிரல்தான்.

அணைக்குக் கீழே ஓட்டுக் கட்டிடத்தில் அலுவலகம். உள்ளே முப்பது வயதுப் பெண் ஒருத்தி பேரேட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா இல்லீங்களா?"

"எந்த ஐயா?"

"அணையைத் திறக்கிறவரு. இன்ஜினியரு."

"நான்தான். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று கதவில் இருந்த பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இன்ஜினியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். "ஒரு நிமிஷம். கால்வாய் ஷட்டரைக் கொஞ்சம் ஏத்தணும். கூடவே வாங்க, வந்துகிட்டே சொல்லுங்க."

பக்கத்து அறையில் இரும்பு அலமாரி மாதிரி ஒன்று, அதில் வரிசையாகப் பொத்தான்கள். இன்ஜினியர் பச்சைப் பொத்தானை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள். எங்கோ மோட்டார் முனகியது. காலடியில் தரை அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, வீட்டுச் சுவர் அளவுள்ள இரும்புக் கதவு ஒரு முழம் மேலே போக, அதன் அடியிலிருந்து ஆறு வெள்ளையாகப் பீறிட்டுக் கால்வாயில் விழுந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"எத்தனை நாளா நீங்க திறக்கிறீங்க?"

"மூணு வருஷமா."

"எங்க ஊர்ல பொம்பள கை பட்டா தண்ணி வத்திடுமாம்மா."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "எனக்கும் முதல் வருஷம் இந்த ரூம் சாவியைக் குடுக்கல" என்றாள். பிறகு நடந்ததையெல்லாம் கேட்டு, பேரேட்டைப் புரட்டி ஓர் இடத்தில் விரல் வைத்தாள். "பாருங்க. உங்க ஊர் வாய்க்காலுக்கு இருநூத்திப் பன்னெண்டு ஏக்கர். உங்க ஒன்றரை ஏக்கரும் இதுல அடக்கம். பட்டா உங்க பேருக்கு மாறினதும் பதிஞ்சிருக்கு. உங்க பங்குத் தண்ணியை நான் ஒவ்வொரு தடவையும் விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப அது எங்கம்மா போகுது?"

கொழுந்தன் வயலில் தேங்கி நின்ற தண்ணீர் அவள் கண் முன்னே வந்தது. தனக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கிடைக்காமல் இல்லை. மலையிலிருந்து அவளுக்காகவே புறப்பட்டு, இத்தனை தூரம் நடந்து, கடைசி வரப்பில் வைத்துப் பறிக்கப்பட்டிருக்கிறது.

"சங்கத்து நோட்டுல பேர் எழுதற அதிகாரம் எனக்கு இல்ல" என்றாள் இன்ஜினியர். "ஆனா பதிஞ்ச நிலத்துக்குப் பங்கு போய்ச் சேரலைன்னா, அந்தப் பங்கை நான் இங்கேயே நிறுத்தலாம். அதை எழுதித் தரேன். கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுங்க."

அடுத்த நாள் சாயங்காலம் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். தகர நாற்காலிகளில் ஆண்கள். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் கடிதத்தை உரக்கப் படிக்கத் தொடங்கி, பாதியில் குரல் தாழ்ந்து, கடைசி வரியை வாய்க்குள்ளேயே படித்தார்.

"ஊர்த் தண்ணியையே குறைச்சுடுவாங்களாம்" என்றார்.

சலசலப்பு எழுந்தது. ஒருவன் கத்தினான். "ஒரு பொம்பள போய் ஊர் வயித்துல அடிச்சுட்டு வந்திருக்கா!"

"எழுதினதும் ஒரு பொம்பளதான்" என்றாள் அவள். "நீங்க இன்னிக்குக் காலையில பாய்ச்சின தண்ணியைத் திறந்து விட்டதும் அவங்கதான். நேத்து நான் கண்ணால பார்த்தேன். மூணு வருஷமா ஆறு வத்தல."

ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அணை வேற, மதகு வேற" என்றார். அதில் என்ன வேறு என்று யாரும் கேட்கவில்லை. அப்பாடா என்று பல தலைகள் ஆடின.

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீரையும் இழக்கக் கூடாது, வழக்கத்தையும் விடக் கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நோட்டுல இருக்கிற பேரை நாம மாத்தவே வேணாம். நெட்டையன் பேரு அப்படியே இருக்கட்டும். அவன் பேருக்குத் தண்ணி விடுவோம். மதகுச் சக்கரத்தை மட்டும் தம்பிக்காரன் திருப்பட்டும். ஆபீசுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆச்சு."

"அவரு செத்து நாலு மாசம் ஆச்சுங்க" என்றாள் அவள்.

"அதனால என்ன?" என்றார் தலைவர், மிகவும் அன்பாக.

அந்த இடத்தில் செத்துப்போன ஆணுக்கு இருந்த மதிப்பு உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு இல்லை என்பது ஒருவர் முகத்திலும் உறுத்தலாகத் தெரியவில்லை. கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முறை நாளன்று வெயில் ஏறுவதற்கு முன்பே மதகடிக்குப் போய்விட்டாள். மேல் பாதி வயல் செத்துவிட்டது. அதை இனி எந்த அணையாலும் எழுப்ப முடியாது. கீழ் பாதியில் இன்னும் பச்சை இருந்தது. ஒரு தண்ணீர் கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் இரண்டு நாள் தாங்காது.

"நெட்டையன்" என்று படித்தார் வாய்க்கால்காரர்.

கொழுந்தன் முன்னால் வந்தான். அதற்குள் அவள் மதகின் மேடையில் ஏறியிருந்தாள்.

"இறங்குங்க அண்ணி. நான் திருப்புறேன்."

"நீங்க திருப்பினா தண்ணிக்கு உங்க வயலுக்குத்தான் வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்தாள்.

இரும்பு துருப்பிடித்துக் கிடந்தது. முதல் இழுப்பில் அசையவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அவளைத் தொட்டு இறக்க வேண்டுமானால் இறக்கலாம். ஆனால் அணை அலுவலகத்துக் கடிதம் தலைவரின் சட்டைப் பையில் இருந்தது. அவள் மேடையின் சுவரில் காலை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். தோள் எலும்பு கழன்றுவிடும் போல வலித்தது. சக்கரம் கிறீச்சென்று கால் சுற்று திரும்பியது. பிறகு அரைச் சுற்று. அடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு அவள் மடையை நோக்கி ஓடியது. வாய்க்காலை எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அது வற்றவில்லை.

உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். வாய்க்கால்காரர் நோட்டை மடியில் வைத்துப் பேனாவோடு தடுமாறிக்கொண்டிருந்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்க்கால்காரர் மெதுவாக எழுதினார்.

'நெட்டையன். வந்தார்.'

எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும். படித்தாள். அவள் கண் கலங்கியதா, வியர்வைதானா என்று அருகில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"நல்லா எழுதுங்கண்ணே" என்றாள். "அடுத்த முறைக்கும் அவரு வருவாரு. அதுக்கடுத்த முறைக்கும் வருவாரு. நான் சாகிற வரைக்கும் அவரு வராத நாளே இருக்காது."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக வயலை நோக்கி நடந்தாள்.