மெட்ராஸுக்கு எட்டு மணி நேரம்

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம் காஜா பேராங் கடைத்தெருவில் கொடித்துணி விற்றே கொழித்தவர் ஷரீஃபுதீன். சொன்ன விலைக்கு எதையாவது வாங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு செரிக்காது. பாதி விலை கேட்பார். கடைக்காரன் முறைத்தால் எழுந்து நடையைக் கட்டுவார். அடுத்த கடை வாசலைத் தொடுவதற்குள், "முதலாளி, வாங்க, எடுத்துக்குங்க" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்துவிடும். வராத நாள் கிடையாது.

அந்த ஆகஸ்டில் நாகூரிலிருந்து தந்தி வந்தது. ராத்தா ரஹீமாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வரவும். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள்.

"கப்பல்லே போனா ஒரு வாரம். பிளேன்லே போங்க. நீங்க பறந்து வர்றீங்கன்னு நான் இப்பவே நாகூருக்குத் தந்தி அடிச்சிடறேன்," என்றாள் மனைவி ஜமீலா.

பண்டார் ஹிலிரில் விமானச் சீட்டு விற்றவர் பொன்னுதுரை. சுவரிலிருந்த உலகப்படத்தில் விரலை ஓட்டினார்.

"சிங்கப்பூர்லேருந்து மெட்ராஸ் ஆயிரத்து எண்ணூறு மைல். எட்டு மணி நேரம். நாளைக்கு ஒரே ஓர் இடம் இருக்கு."

விலையைக் கேட்டதும் ஷரீஃபுதீனுக்குள்ளே வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கப்பல்காரன் ஒரு வாரம் சோறு போட்டு, படுக்கை கொடுத்துக் கூட்டிட்டுப் போறான். நீங்க எட்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டு இவ்வளவு கேட்கறீங்க. நேரம் குறைஞ்சா விலையும் குறையணுமா இல்லையா?"

"வேணும்னா பைலட்டைச் சுத்தி வளைச்சுப் பறக்கச் சொல்லட்டுமா முதலாளி?" பொன்னுதுரை சிரித்தார். "விலை கம்பெனி வெச்சது. என் கையிலே ஒண்ணுமில்லே."

"எல்லாக் கடையிலேயும் இதைத்தான் சொல்றாங்க."

அவசரம் என்று காட்டினால் விலை ஏறும். ராத்தாவைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

மெதுவாகத்தான் நடந்தார். சைக்கிள் கடையைத் தாண்டினார். குரல் வரவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நின்றார். வரவில்லை. பொன்னுதுரை கொஞ்சம் வேகட்டும் என்று கோப்பிக்கடையில் உட்கார்ந்து, ஆற ஆறக் குடித்தார்.

திரும்பிப் போனபோது ஒரு சீனர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வெளியே வந்தார்.

"அடுத்த பிளேன் அடுத்த வாரம்தான் முதலாளி."

"ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"வேண்டாம்னுதானே எழுந்து போனீங்க?" பொன்னுதுரைக்கு நிஜமாகவே புரியவில்லை.

அடுத்த வார விமானம் சொன்னபடி எட்டே மணி நேரத்தில் மெட்ராஸில் இறக்கிவிட்டது. நாகூர் வீட்டில் ராத்தாவின் மகள் மட்டும் இருந்தாள். அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

"மாமி தந்தி வந்ததிலேருந்து உம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தம்பி பறந்து வர்றான்னு வந்தவங்க போனவங்ககிட்டே எல்லாம் ஒரே பெருமை. இடம் கிடைக்கலையா மாமா?"

"கிடைக்கலேம்மா."

அவள் உடனே நம்பிவிட்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.