ஆமைக் கேள்வி

உலகத்தில் ஒருவராவது தன் நாற்காலியில் நிலையாக உட்காரக் கூடாதா என்பதுதான் புல்லட்டின் சாரின் தீராத எரிச்சல். எந்த அமைப்புக்கு யார் தலைவர், எந்த விருது யாருக்குப் போனது, எந்த மாநாடு எங்கே நடந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தட்டச்சு செய்வார். அச்சகத்தில் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் ஒரு தலைவர் ராஜினாமா செய்திருப்பார். "அடுத்த மாசம் போனா என்னய்யா உனக்கு?" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சண்டை போடுவார். தொலைக்காட்சி என்ன செய்யும், பாவம்.

செருப்புக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்த ஒற்றை அறையில் அவர் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். பல் குடையும் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். அதற்கும் மேலே போக வேண்டும் என்றே அவர் குரல் வளர்ந்திருந்தது. வயது வரம்பு தாண்டும்வரை அதே தேர்வை எழுதி எழுதித் தோற்றவர் அவர். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் மாதாமாதம் வெளியாகும் பொது அறிவு புல்லட்டின். மாணவர்கள் வைத்த பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

தலைவர்கள் ராஜினாமா செய்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாடிக்காரரைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே கட்டடத்தின் மாடியில் இன்னொரு பயிற்சி வகுப்பு. குளிர்சாதன வசதி, மெத்தை வைத்த நாற்காலி. இவருடைய புல்லட்டின் வந்த மறுநாளே அது அச்சு அசலாக, எழுத்துப் பிழை உட்பட, மாடிக்காரரின் இணையதளத்தில் இலவசமாக ஏறிவிடும். அங்கிருந்து இன்னும் நாலு பேர் எடுப்பார்கள். நாயாய் அலைந்து தேடுவது ஒருவர், நோகாமல் நுங்கு தின்பது ஊரெல்லாம். நேரில் கேட்டால் மாடிக்காரர் சிரித்துக்கொண்டே, பொது அறிவு பொதுச் சொத்துதானே சார் என்பார்.

அதற்குத்தான் சார் ஒரு பொறி கண்டுபிடித்தார். ஒவ்வொரு புல்லட்டினிலும் ஒரே ஒரு பதிலை வேண்டுமென்றே தப்பாகப் போடுவது. புத்தகத்தை வகுப்பில் கொடுத்ததும் முதல் வேலையாக, "எல்லாரும் பேனாவை எடுங்க, அடிங்க" என்பார். எந்தக் கேள்வி, சரியான விடை எது என்று வாயால் மட்டும் சொல்வார். மாணவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்து அடித்துத் திருத்திக்கொள்வார்கள். வகுப்புக்கு வராமல் திருடுகிறவன் பொய்யோடு போவான். மாடிக்காரரின் பக்கத்தில் அந்தப் பொய் முளைத்ததும் சாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டு பிடி கூட இறங்கும்.

இந்த வருடத்துப் பொறி ஒன்றில் அவருக்கே பெருமை. உப்பு ஏரிகளைக் காப்பதற்காக எங்கோ ஒரு சிறு மாநாடு நடந்தது. அதன் சின்னம் பூநாரை. சார் அதை ஆமை என்று போட்டார். உப்பு ஏரிக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கழுதையாவது யோசிக்கிறதா பார்ப்போம் என்று அவருக்கு ஆசை. ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரே வாரத்தில் ஆமை எல்லா இணையதளங்களிலும் ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஆமை தன் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அவர் நினைக்கவில்லை.

அவருடைய தங்கைக்கு அந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. அடுத்த பிறந்தநாளோடு வயது வரம்பு முடிகிறது. பகலில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை, மற்ற நேரமெல்லாம் படிப்பு. எங்கே படிக்கிறாய் என்று கேட்டால் தோழி வீட்டில் என்பாள். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில், கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சார் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"உப்பு ஏரி மாநாடு, சின்னம் ஆமை."

சாருக்கு நுரை தொண்டையில் மாட்டிக்கொண்டது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடிவந்தார். அது எங்கே படித்தது என்று கேட்டார். அவள் மழுப்பினாள். இவர் விடவில்லை. கடைசியில், ஆமாம், நான் மாடியில்தான் படிக்கிறேன், அதற்கென்ன இப்போது என்று நிமிர்ந்தாள்.

"வீட்டுலயே ஒருத்தன் இருக்கேன், அவன்கிட்டயா போய்ப் படிப்பே?"

"அவர் கத்த மாட்டார்ணா. தப்பா சொன்னா, பரவாயில்ல, திரும்பப் பாருங்கன்னு சொல்வார். நீ சொல்வியா?"

சார் இன்னும் உரக்கக் கத்தினார். ஆமை தப்பு, பூநாரைதான் சரி என்றார். அவள் சட்டையே செய்யவில்லை. மாடிக்காரர் சொல்வதெல்லாம் தப்பு என்று தினமும் சாப்பாட்டு மேசையில் சொல்கிறவர்தானே. கைப்பேசியை எடுத்துத் தேடிக் காட்டினாள்: ஆமை, ஆமை, ஆமை. பார்த்த இடமெல்லாம் ஆமை. மாநாட்டின் சொந்த இணையதளம் எங்கே என்று சார் தேடினார். அதை நடத்தியவர்கள் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். செய்தித்தாளில் மாநாட்டைப் பற்றி இரண்டே வரி. சின்னத்தைப் பற்றி மூச்சில்லை. பூநாரையைப் பார்த்த கண் உலகத்திலேயே தன்னுடையது மட்டும்தானோ என்று அவருக்கு மண்டை காய்ந்தது.

வேறு வழியில்லாமல் பொறியைப் பற்றிச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பழைய புல்லட்டின்களை எடுத்துப் போட்டு, இந்த மாதம் இது பொய், அந்த மாதம் அது பொய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் பழைய செய்தித்தாள்களை வைத்துச் சரிபார்த்தாள். ஒவ்வொன்றும் பொய்தான். துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் இத்தனை பொய் சொல்கிறவன் என்று நிரூபணமான பிறகுதான், இந்த ஒன்றில் உண்மை சொல்கிறான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"சரி. பூநாரை" என்றாள்.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. வினாத்தாளை யார் தயாரித்தார்களோ, இத்தனை பெரிய உலகத்தில் அவர்களுக்கு வேறு மாநாடு கிடைக்கவில்லை. தங்கை பூநாரையைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலை அண்ணனும் தங்கையும் பல நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள். பூநாரை நாலு விடைகளில் கடைசியாக இருந்தது, ஆமை முதலாவதாக இருந்தது, இருந்தாலும் பூநாரையைப் போட்டுவிட்டேன் என்று அவள் சொன்னாள். சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

விடைக்குறிப்பு வெளியான அன்று அவர் வகுப்பில் இருந்தார். தங்கை மருந்துக் கடை மேலங்கியோடு வாசலில் வந்து நின்றாள். கைப்பேசியை நீட்டினாள். சரியான விடை: ஆமை.

சார் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது ஆமையாகவே இருந்தது. தப்பான விடைக்கு மதிப்பெண்ணும் கிடையாது, மேற்கொண்டு கால் மதிப்பெண் வெட்டு. பூநாரை என்று அடித்துத் திருத்திய அவருடைய மாணவர்கள் எல்லோருக்கும் அதே கதி. மாடியில் மட்டும் திருவிழாவாக இருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு பேனர்கூட ஏறிவிட்டது: 'ஆமைக் கேள்வி எங்கள் குறிப்புகளிலிருந்தே!'

"உன் பேச்சை நம்பி நான் செஞ்சது வாழ்க்கையிலேயே இது ஒண்ணுதாண்ணா" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலை.

விடைக்குறிப்பை எதிர்த்து முறையிடலாம். ஆதாரம் இணைக்க வேண்டும். சார் ஆதாரத்துக்கு நாய்படாத பாடு பட்டார். மாநாட்டுக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த முகவரி செத்துப்போயிருந்தது. கடைசியில் ஒரே வழிதான் மிச்சம். வெளியே தெரிந்தால் வகுப்பை மூட வேண்டியதுதான். பொய்யை அச்சடித்து விற்கிறவனிடம் எவன் படிப்பான்? இருந்தாலும் தங்கையின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஆமை என்பது நான் இட்டுக்கட்டியது, என்னிடமிருந்து திருடியவர்களிடமிருந்துதான் உங்களுக்கு வந்திருக்கிறது, எல்லா இணையதளங்களுக்கும் முன்னால் வெளியானது என் புல்லட்டின்தான், தேதியைப் பாருங்கள் என்று எழுதி, அந்தப் பக்கத்தை இணைத்தார். கீழே முழுப் பெயரையும் முகவரியையும் போட்டார். வகுப்பிலும் மாணவர்கள் முன்னால் அதை வாசித்துக் காட்டினார். மறுநாள் பாதி பெஞ்சு காலி.

பதில் வந்தபோது தங்கையும் பக்கத்தில் இருந்தாள். அவள்தான் வாசித்தாள். முறையீடு பரிசீலிக்கப்பட்டது. முறையீட்டாளர் தாமே ஆதாரமாக இணைத்துள்ள அச்சுப் பிரதியிலும் விடை 'ஆமை' என்றே தெளிவாக உள்ளது. எனவே விடைக்குறிப்பில் மாற்றமில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.

சார் தலையில் அடித்துக்கொண்டார். எழுதியதைப் படிக்கவே இல்லையே, இணைப்பை மட்டும் பார்த்திருக்கிறார்களே என்று சுவரோடு புலம்பினார். பக்கத்தில் பல் குடையும் சத்தம் நிற்காமல் கேட்டது. அடுத்த வாரம் வந்த முடிவுகளில் தங்கையின் எண் இல்லை. அந்த ஒரு மதிப்பெண் இருந்திருந்தால் இருந்திருக்கும். அவள் அழுதது அவருக்குத் தெரியும். குளியலறைக் குழாய் வெகுநேரம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசி வந்தது. மிச்சமிருந்த பெஞ்சுக்காரர்களுக்காகச் சார் புதிய புல்லட்டினைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தங்கை கடையிலிருந்து வந்து, மேலங்கியைக் கழற்றாமலே அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"இதுல எது பொய்?"

"எதுவும் இல்லம்மா. சத்தியமா எதுவும் இல்ல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மாதத்துச் செய்தித்தாள்களைப் பிரித்து, முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.