வியாழக்கிழமைப் பேருந்தில் இறங்கியவர்கள்

1974 மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பாலினாவிலிருந்து டூலாக் கிராமத்துக்கு வரும் பேருந்தில் கிரீடம் வைத்த அரசன் ஒருவன் வந்து இறங்கி, மலக்கி கெரட்டியின் வீடு எது என்று கேட்டான். முகம் மலக்கியின் ஒரே மகன் ஃபின்டனின் முகம். ஆனால் ஃபின்டன் அன்று டப்ளினில் இருந்தான். நாற்பது நாள் அந்த அரசனாக மேடையேறி, முந்தின சனிக்கிழமைதான் வேடத்தைக் கலைத்திருந்தான். மலக்கி அரசனை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். மகள் அட்ராக்டா மாடி அறையில் படுக்கை விரித்தாள். வெளியே மழை. வேறு என்ன செய்வது?

அதன்பின் ஃபின்டன் பெரிய வேடம் ஒன்றை முடிக்கும்போதெல்லாம், அடுத்த வியாழக்கிழமை அது டூலாக் வந்து சேர்ந்தது. இரண்டு வசனம் மட்டும் பேசிய வேடங்கள் வரவில்லை. 1977இல் குதிரைத் திருடன் வந்தான். ஃபின்டன் சினிமாவுக்குப் போன பிறகு பிஷப்பும் சிப்பாயும் வந்தார்கள். 1985இல் குடிகாரப் பள்ளி ஆசிரியரும், அதற்கடுத்து கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு தூக்கிலிடப்பட்ட போராளியும் வந்தார்கள். போராளிக்கு விழுங்குவது சிரமம் என்பதால் அட்ராக்டா உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தாள். “மலக்கி, இந்த வாரம் உன் பையன் பிஷப் ஆயிட்டான்யா. போன தடவ திருடினதுக்கு இனிமே அவனே பாவமன்னிப்புக் குடுத்துக்கலாம்” என்றார் பேருந்து ஓட்டுநர் லாவெல். அட்ராக்டா தம்பிக்குக் கடிதம் எழுதினாள். பிஷப்புக்குச் சட்டை இல்லை என்றால் ஃபின்டன் இரண்டு சட்டை அனுப்பினான். அவன் மட்டும் வரவில்லை. ஒரு வேடம் போனதும் உடம்பு லேசாகி, ஒரு வீட்டில் இரண்டு இரவுக்கு மேல் தரிக்க முடியாமல், அடுத்த வேடத்தைத் தேடி லண்டனுக்கும் ஸ்பெயினுக்கும் ஓடிக்கொண்டிருந்தான்.

டூலாக்கில் சவப்பெட்டியைத் தேவாலயத்திலிருந்து இடுகாடு வரை தோளில்தான் கொண்டுபோவார்கள். முன் தோள் மகனுடையது. 1991 நவம்பரில் மலக்கி படுத்தபோது அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். சிப்பாய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தான், ஆசிரியர் செய்தித்தாள் படித்துக் காட்டினார். ஆறு பேரையும் மலக்கி ஒருநாளும் மகன் என்று நினைத்துக் குழம்பியதில்லை. “அவன் வந்தானா?” என்று அவர்களிடமே கேட்பார். கடைசி நாளன்று, “வருவான். ஆனா அவனுக்காகக் காத்திருக்காதீங்க” என்றார்.

காத்திருக்கவில்லை. ஆறு பேருக்கும் ஒரே உயரம், ஐந்தடி பதினோரு அங்குலம், ஆகவே பெட்டி மட்டமாக உட்காரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உட்காரவில்லை. அரசன் காலை இழுத்து நடந்தான். திருடன் நுனிக்காலில் போனான். சிப்பாய் அணிவகுத்தான், ஆசிரியர் தள்ளாடினார், போராளி வானத்தைப் பார்த்தான், பிஷப் ஒரு கையை எடுத்துச் சாலையோரத்து ஆட்களை ஆசீர்வதித்தார். பெட்டி அலையில் படகுபோல ஆடியது. “எங்கப்பாவ ரோட்டுலயே போட்டுருவீங்களா?” என்று அட்ராக்டா கத்தினாள்.

அப்போதுதான் வாடகைக் கார் ஒன்றிலிருந்து ஃபின்டன் இறங்கி ஓடிவந்தான். முன் தோளுக்குப் போனான். “வரிசை நிரம்பிடுச்சு, தம்பி” என்றார் பிஷப்.

“நீ எந்தப் படம்ப்பா? பஸ்ல உன்னப் பாக்கலையே” என்றார் லாவெல்.

“நான் ஃபின்டன்.”

“இங்க எல்லாருமே ஃபின்டன்தான். பின்னாடி வா.”

பெட்டி மறுபடி சாய்ந்தது. ஃபின்டன் பின்னால் போகவில்லை. அந்த ஆறு நடைகளையும் உண்டாக்கியவன் அவன். பெட்டிக்கு முன்னால் போய், அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தான். “அரசரே, இங்க நீங்க ராஜா இல்ல, கால இழுக்காதீங்க. பிஷப், ரெண்டு கையும் பெட்டியில. வாத்தியாரே, நீங்க இன்னைக்குக் குடிக்கல. யாரும் ஜனங்களப் பாக்காதீங்க. அப்பாவத் தூக்கிட்டுப் போறீங்க, அவ்வளவுதான். இடது கால்.”

பெட்டி நிமிர்ந்தது. ஆறு பேரும் ஒரே நடையில் நடந்தார்கள். அது மலக்கியின் நடை என்று பின்னால் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இடுகாடு வரை ஃபின்டனின் தோளில் எதுவும் ஏறவில்லை.

குழியில் முதல் மண்ணை மகன் போட வேண்டும். அட்ராக்டா மண்வெட்டியோடு ஆறு முகங்களையும் தாண்டிப்போய், ஏழாவதிடம் நீட்டினாள்.

“இவன்தான்னு எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றார் லாவெல்.

“பிந்தி வந்தவன் இவன் ஒருத்தன்தானே. மத்தவங்க அப்பா கண்ண மூடும்போதே இருந்தாங்க. டேய், போடுடா.”

அதன்பின் ஃபின்டன் நடிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் படத்தை இயக்கினான், பிறகு பதினொன்று. வியாழக்கிழமைப் பேருந்தில் யாரும் கிரீடத்தோடு இறங்குவதில்லை. ஆறு பேரும் டூலாக்கிலேயே இருக்கிறார்கள். மகன் இல்லாதவர்களும், மகன் பாஸ்டனில் இருப்பவர்களும் இறந்தால் அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பெட்டி ஆடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஃபின்டன் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறான். அட்ராக்டா மேசையில் ஆறு தட்டுகளை வைத்துவிட்டு, ஏழாவதை மூடி அடுப்பின் மேல் வைக்கிறாள்.