நாலாவது மூட்டு

ஆராய்ச்சிக்கூடத்துப் புதிய அழுத்தக் கலத்தின் எக்ஸ்ரே படங்கள் வெளிச்சப் பெட்டியில் கிடந்தன. வெல்டு மூட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பழுதில்லை என்று, பரிசோதகரான அவள் கையெழுத்துப் போட்டால்தான் மதியம் அழுத்தம் ஏற்றுவார்கள். ஏற்றப்போகிறவன் அவள் கணவன். வெல்டு அடித்தவனும் அவனே. படம் எடுத்தது அவன் தம்பி.

நாலாவது படத்தில் காற்றுக்குமிழ்கள். மூன்று வரிசையாக, ஒன்று விலகி. பொறுத்துக்கொள்ளும் அளவுதான். ஏழாவதிலும் அப்படியே. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாள். குமிழ்மேல் குமிழ் உட்கார்ந்தது. இரட்டைப் பிள்ளைக்குக்கூட மச்சம் இடம் மாறும்.

கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“ஏழாவதுக்குக் கலத்துக்கு அடியில தவழணும் இல்ல, தம்பி?”

“ஆமா அண்ணி. முதுகே போச்சு.”

“சட்டை வெள்ளை வெளேர்னு இருக்கே.”

“எடுத்தது நேத்து. துவைக்க மாட்டாங்களா?”

“யாரு, நீயா?”

சிரித்தான். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

சோம்பேறி. நாலாவதையே இரண்டு முறை எடுத்து, படத்தில் மூட்டின் எண்ணாக விழும் ஈய இலக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறான்.

அல்ட்ராசவுண்ட் கருவியோடு அவளே தவழ்ந்தாள். ஏழாவது மூட்டில் ஒலி கடத்தும் பசையைத் தடவி, கருவியின் முனையை நகர்த்தினாள். திரையில் சின்னச் சின்ன எதிரொலிகள். மூன்று வரிசையாக, ஒன்று விலகி.

ஏழாவது படம் உண்மை. அப்படியானால் பொய், நாலாவது. நின்றபடியே எடுக்கக்கூடிய மூட்டு அது. எந்தச் சோம்பேறி சுலபத்தை விட்டுக் கஷ்டத்தை இரண்டு முறை செய்வான்?

வெளியே வந்தாள். கொழுந்தன் நாலாவது மூட்டில் சாய்ந்து நின்றான்.

“நகரு.”

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை…”

“நகருப்பா.”

முனையை வைத்ததும் எதிரொலி திரையின் உச்சிக்கு எழுந்தது. ஒரு சாண் நகர்த்தியும் இறங்கவில்லை. விரிசல்.

“அண்ணன்தான் சொன்னாரு. அறுத்து மறுபடி அடிச்சா பேரு கெட்டுடுமாம்.”

கணவன் தலைக்கவசத்தோடு வந்தான். திரையைப் பார்த்தான்.

“தாங்கும்டி. பக்கத்துல நிக்கப்போறது நான்தானே?”

“உங்ககூட ஆராய்ச்சி மாணவங்களும் நிப்பாங்க.”

அவள் அழுத்தம் ஏற்றும் பம்பின் சாவியை உருவி இடுப்பில் செருகினாள்.

“மேல்மாடியில ஒரு கலம் முழு அழுத்தத்துல ஓடிட்டிருக்கே. அதுக்கும் உங்க வெல்டு, இவன் படம்தானே?”

கணவன் தம்பியைப் பார்த்தான்.

அவள் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.